நின்ற இடத்தில் கெட்ட வண்டி

என் கை பட்டதும் வண்டி படுத்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். டீக்கடையில் பேசினார்கள், பால் சொசைட்டியில் பேசினார்கள், நான் கேட்கட்டும் என்றே கொஞ்சம் சத்தமாகவும் பேசினார்கள். சம்பளத்துக்கு வந்த டிரைவர்கள் ஓட்டிய காலத்தில் எந்த மேட்டையும் ஏறிய வண்டி, புருஷனை விட்டு வந்த ஒருத்தி ஸ்டியரிங்கைப் பிடித்ததும் முன்சக்கரம் இழுக்கமாட்டேன் என்கிறதாம். கை ராசியாம். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும். தெரிந்தும் பேசினார்கள் என்றால் எவ்வளவு நிச்சயமாக நம்பியிருப்பார்கள், பாருங்கள்.

வண்டி எங்கள் அப்பா ராணுவ ஏலத்தில் எடுத்தது. முன்பக்கம் ஜீப், பின்பக்கம் மூட்டை ஏற்றத் திறந்த தொட்டி. கீழ்பென்னாத்தூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். கொல்லைக்காட்டிலிருந்து மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, மூட்டை ஏற்றத்தான் அப்பா அதை வாங்கினார். இந்த மாதிரி வண்டியில் சாதாரணமாகப் பின்சக்கரம் இரண்டும்தான் தள்ளும். சேறோ மேடோ வந்தால் கியருக்குப் பக்கத்தில் இருக்கும் குட்டி லீவரைத் தள்ள வேண்டும். அப்போது முன்சக்கரமும் சேர்ந்து இழுக்கும். ஃபோர் வீல் போடுவது என்போம். அது விழுந்தால் வண்டி ஒரு தரம் உடம்பைக் குலுக்கிக்கொண்டு, பிறகு நிதானமாக நடக்கும். அந்தக் குலுக்கல் எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

கல்யாண வாழ்க்கையை முடித்துக்கொண்டு ஒரே ஒரு பையோடு நான் வீட்டுக்கு வந்தபோது அப்பாவும் அம்மாவும் உயிரோடு இல்லை. அண்ணன்தான் கதவைத் திறந்தான். ஏன் வந்தாய் என்று அன்றைக்கும் கேட்கவில்லை, இன்றைக்கு வரைக்கும் கேட்கவில்லை. பையை வாங்கி உள்ளே வைத்துவிட்டு, அண்ணியிடம் சாப்பாடு போடச் சொன்னான். அதற்காக அவனை ஏழு ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். ஆனால் அதற்காக அவன் சொன்னபடி எல்லாம் கேட்பேன் என்று அர்த்தம் இல்லை. நன்றி வேறு, கீழ்ப்படிதல் வேறு.

அந்தச் சமயம் எங்கள் டிரைவர் கால் டாக்சி ஓட்டுகிறேன் என்று சென்னைக்குப் போய்விட்டான். வண்டி வாசலில் நின்றது. கல்யாணத்துக்கு முன்பே அப்பா எனக்குக் கொல்லையில் ஓட்டக் கற்றுக்கொடுத்திருந்தார். லைசென்ஸ் எடுத்தேன், சாவியை இடுப்பில் செருகிக்கொண்டேன். ஜவ்வாது மலையில் ஒரு சின்ன ஊருக்கு ஞாயிற்றுக்கிழமை தோறும் மளிகைச் சாமான் கொண்டுபோகும் வேலை அந்த டிரைவர் காலத்திலிருந்தே இருந்தது. அதை நான் எடுத்துக்கொண்டேன். மேலே போகும்போது அரிசி, எண்ணெய், உப்பு, சோப்பு. இறங்கும்போது சாமை, புளி, சீசனில் சீத்தாப்பழம். தார் ரோடு முடிந்த பிறகு ஒரு செம்மண் மேடு இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். மழைக்காலத்தில் ஃபோர் வீல் இல்லாமல் அதில் எந்த வண்டியும் ஏறாது.

நான் ஓட்ட ஆரம்பித்ததிலிருந்து அண்ணனுக்குப் பக்தி ஜாஸ்தியாகிவிட்டது. அவன் ஏற்கெனவே பௌர்ணமி தவறாமல் திருவண்ணாமலை கிரிவலம் போகிறவன். டிரைவர் இருந்தபோது வெள்ளிக்கிழமையில் வண்டிக்கு ஒரு ஊதுபத்தி, அவ்வளவுதான். நான் சாவியை எடுத்ததும் எலுமிச்சம்பழம் வந்தது, பிறகு சூடம் வந்தது, பானெட்டுக்குப் பட்டை, ஸ்டியரிங்குக்குப் பொட்டு, கடைசியில் நாலு சக்கரத்துக்கும் விபூதிப் பட்டை, நடுவில் சந்தனம் குங்குமம் என்று விரிந்துகொண்டே போனது. ஆயுத பூஜைக்குச் சக்கர நடுவையெல்லாம் சிவப்புப் பெயிண்ட் அடித்து வைத்தான். அவன் விருப்பம், செய்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

ஐப்பசி மழை பிடித்த முதல் ஞாயிற்றுக்கிழமை வண்டி அந்தச் செம்மண் மேட்டில் பாதியில் நின்றது. குட்டி லீவரைப் போட்டேன். விழுந்தது. ஆனால் அந்தக் குலுக்கல் இல்லை. பின்சக்கரம் சேற்றை வாரி வாரி இறைத்தது, முன்சக்கரம் யாருக்கு வந்த விருந்தோ என்று உட்கார்ந்திருந்தது. கொஞ்சம் கொஞ்சமாகப் பள்ளத்துப் பக்கம் வழுக்க ஆரம்பித்ததும் பிரேக்கை அழுத்திக்கொண்டு ஹாரனை அடித்தேன். மேலே இருந்து ஆட்கள் இறங்கி வந்து சக்கரத்துக்குக் கல் போட்டார்கள். மூட்டையெல்லாம் தலைச்சுமையாகத்தான் ஊர் போய்ச் சேர்ந்தது. உப்பு மூட்டையில் பாதி கரைந்துவிட்டது. கடை வைத்திருக்கும் அக்கா ஒன்றும் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால்கூடப் பரவாயில்லை.

“ஏம்மா, இப்படி நடுவுல நிக்கற வண்டிய நம்பி நான் எப்படி கட தொறக்கறது? மழ முடியற வரைக்கும் வேற யாராவது வண்டிக்குச் சொல்லிக்கட்டுமா?” என்று மெதுவாகத்தான் கேட்டாள்.

“அடுத்த வாரம் ஏறும்க்கா. ஏறலன்னா நீயே சொல்லிக்க” என்று சொல்லிவிட்டு வந்தேன்.

மறுநாள் திருவண்ணாமலைக்கு ஓட்டிப் போனேன். பைபாஸ் ஓரம் ஷெட் வைத்திருக்கும் பாய், அப்பா காலத்து மெக்கானிக். அன்றைக்கு அவர் வேறொரு லாரியின் இன்ஜினைப் பிரித்துப் போட்டிருந்தார். கையெல்லாம் கிரீஸ். சனிக்கிழமை வா என்றார். சனிக்கிழமை போனேன். முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, என்னை உள்ளே உட்கார வைத்து, ஃபோர் வீல் போடச் சொன்னார். போட்டேன். முன்சக்கரம் இரண்டும் ஜம்மென்று சுற்றின.

“பாரும்மா, நாலும் சுத்துது. நீ மலைல லீவர சரியா போட்டிருக்க மாட்ட.”

“ரெண்டு கையால தள்ளிப் போட்டேன் பாய். எங்கிட்ட அந்தக் கதையெல்லாம் வேணாம்.”

அவர் சிரித்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று லீவர் கம்பியைக் கழற்றித் துடைத்து எண்ணெய் விட்டு மாட்டினார். மறுநாள் மலைக்குப் போனேன். வண்டி உடம்பைக் குலுக்கிக்கொண்டு, அந்த மேட்டைப் பூ மாதிரி ஏறியது. கடைக்கார அக்கா கையில் ஒரு கட்டு முருங்கைக்கீரையைக் கொடுத்து அனுப்பினாள். தீர்ந்தது சனியன் என்று நிம்மதியாக வீடு வந்தேன்.

அடுத்த ஞாயிறு அதே மேடு, அதே சேறு, அதே லீவர். முன்சக்கரம் அசையவில்லை. இந்தத் தடவை எனக்குப் பயம் வரவில்லை, அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. வண்டியை விட்டு இறங்கி முன்டயரை ஓங்கி ஒரு உதை விட்டேன். கால் விரல்தான் வீங்கியது. மறுபடியும் தலைச்சுமை. கடைக்கார அக்கா இந்தத் தடவை ஒன்றும் கேட்கவில்லை. ஏற்கெனவே முடிவு செய்துவிட்டவர்கள் எதற்குக் கேட்கப் போகிறார்கள்.

“இன்னும் ஒரே ஒரு வாரம்” என்றேன் நானாகவே. அவள் மூட்டைகளை எண்ணப் போனாள்.

திங்கட்கிழமை பாய் கீழே படுத்து ரொம்ப நேரம் பார்த்தார். இன்ஜினிலிருந்து முன்பக்கத்துக்கு வரும் நீள ஷாஃப்ட் சுற்றுகிறது. ஆனால் தூக்கி வைத்த முன்சக்கரம் சுற்றவில்லை. அப்படியென்றால் நடுவில் எங்கோ பிடி விட்டிருக்கிறது. முன்சக்கரத்தின் நடுவில் குழாய்த் திருகு மாதிரி ஒரு பிடி இருக்கும். அதை ஒரு பக்கம் திருப்பினால் சக்கரம் உள்ளே இருக்கும் அச்சோடு பூட்டிக்கொள்ளும், மறுபக்கம் திருப்பினால் விட்டுவிடும். தார் ரோட்டில் சும்மா இழுத்துக்கொண்டு போக வேண்டாம் என்று வைத்த ஏற்பாடு. பாய் அதைப் பார்த்துவிட்டு என்னைக் கேட்டார்.

“இது லாக்குல தானம்மா இருக்கு?”

“அப்பா காலத்துலேர்ந்து லாக்குதான் பாய். போட்டது போட்டபடி இருக்கட்டும், யாரும் தொடக்கூடாதுன்னுட்டார்.”

அதுவும் உண்மைதான். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம் அது. பாய் கையை நீட்டியவர், அந்தப் பிடியின் மேல் கெட்டியாகப் பூசியிருந்த விபூதியையும் சந்தனத்தையும் பார்த்துக் கையை இழுத்துக்கொண்டார். “சாமி வெச்ச எடம். கிரீஸ் கையோட நான் ஏன் அழிக்கணும்” என்றார். நல்ல மனுஷன். வண்டியில் அவர் கை படாத இடம் அது ஒன்றுதான்.

கடைசியில் முன் அச்சின் ஹவுசிங் உள்ளே கியரின் பல் போயிருக்கும், பிரித்தால்தான் தெரியும் என்றார். “பிரிச்சிடலாம். ஆனா இந்த மாடலுக்கு சாமான் கெடைக்கறது கஷ்டம்மா. கெடைக்கற வரைக்கும் வண்டி நின்னுடும். எங்கிட்ட கேட்டா, நல்லா யோசிச்சுக்க.”

வீட்டுக்கு வந்து அண்ணனிடம் சொன்னேன். அவன் யோசிக்கவே இல்லை. தட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னான்.

“போதும் வுடு. ஆரணிலேர்ந்து ஒருத்தர் பழைய வண்டி எடுக்கறாரு. அவர்கிட்ட பேசிட்டேன். ஞாயித்துக்கெழம வந்து பாக்கறாரு.”

“யாரைக் கேட்டுப் பேசின?”

“ஆர்சி புக்கு எம்பேர்லதான இருக்கு.”

“அப்பா உம்பேர்ல எழுதினாரு. ஓட்டறது யாரு?”

அண்ணி சாம்பார்க் கரண்டியோடு அப்படியே நின்றாள். அண்ணன் தலையைத் தூக்காமல் அடுத்ததையும் சொன்னான். ரமணாசிரமம் பக்கத்தில், செங்கம் ரோட்டை ஒட்டி, அவனுக்குத் தெரிந்தவர் ஒரு கெஸ்ட் ஹவுஸ் நடத்துகிறாராம். வெள்ளைக்காரர்கள் வந்து தங்குகிற இடம். வருகிறவர்கள் பாஸ்போர்ட்டைப் பார்த்துப் பதிந்து சாவி கொடுக்க ஒரு பெண் வேண்டுமாம். ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்த வேலை. பஸ்ஸில் போய்ப் பஸ்ஸில் வரலாம்.

“நான் சாவி வாங்கறவ. சாவி குடுக்கறவ இல்ல” என்றேன். சாப்பிடாமல் எழுந்து போய்விட்டேன்.

அந்த வாரம் முழுக்க வீட்டில் ஒருவருக்கொருவர் முகம் கொடுத்துப் பேசவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் குடைந்துகொண்டே இருந்தது. முதல் ஞாயிறு மலையில் வேலை செய்யாத ஃபோர் வீல், சனிக்கிழமை ஷெட்டில் வேலை செய்தது. பாய் தொடுவதற்கு முன்பே வேலை செய்தது. நடுவில் வண்டி எங்கேயும் ஓடவில்லை. பாயைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து வாசலில் நின்றது. சாவி என் இடுப்பில். மறுபடி மலையில் நன்றாக ஏறி, வீட்டுக்கு வந்து நின்று, அடுத்த ஞாயிறு கெட்டது. ஓடும்போது கெட்டால் வண்டியில் கோளாறு. நின்ற இடத்தில் கெட்டு, நின்ற இடத்திலேயே சரியாகிறது என்றால் யாரோ கை வைக்கிறார்கள். உள்ளே பல் போயிருந்தால் வாரம் விட்டு வாரம் முளைக்குமா என்ன. டீக்கடைக் கும்பலில் எவனோ ஒருத்தன் விளையாடுகிறான் என்றுதான் நினைத்தேன். எவன் என்று தெரிந்தால் அவன் கையை ஒடித்து அடுப்பில் வைக்கிற வேகத்தில் இருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலையில், ஆரணிக்காரர் வருவதற்குள் நானே ஒரு தடவை பார்த்துவிடுகிறேன் என்று புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, ஒரு பழைய சாக்கை விரித்து, வண்டிக்குக் கீழே நுழைந்தேன். முன்சக்கரத்துக்கு உள்பக்கம் அச்சு மடங்குகிற இடத்தில் ஒரு ஜாயிண்ட் தெரியும். குட்டி லீவரை எடுத்துவிட்டு அந்த ஜாயிண்ட்டைக் கையால் திருப்பிப் பார்க்கலாம். சக்கரம் பூட்டியிருந்தால் அது அசையாது, பூட்டு விட்டிருந்தால் சும்மா சுற்றும். பாய் செய்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டது. இடதுபக்கத்தைத் திருப்பினேன். கல்லு மாதிரி நின்றது. வலதுபக்கத்தைத் திருப்பினேன். ராட்டினம் மாதிரி சுற்றியது.

வலதுபக்கம் பூட்டு திறந்திருக்கிறது. இரண்டில் ஒன்று திறந்திருந்தாலும் போதும், இன்ஜின் கொடுக்கிற பலமெல்லாம் அந்தப் பக்கம் சும்மா சுற்றியே வீணாகிவிடும், இரண்டு முன்சக்கரமும் இழுக்காது. பல்லும் போகவில்லை, ஒரு மண்ணும் போகவில்லை. ஆனால் அப்பா காலத்திலிருந்து யாரும் தொடாத பூட்டை யார் திறந்தது? நம்ப முடியாமல் அதைச் சுற்றிக்கொண்டே இருந்தேன்.

அப்போது வலதுபக்கச் சக்கரத்துக்கு முன்னால் இரண்டு கால்கள் வந்து நின்றன. ஈர வேட்டி. ஊதுபத்தி வாசனை. அண்ணன் வாய்க்குள் ஏதோ பதிகம் முணுமுணுத்துக்கொண்டு குந்தினான். நான் கீழே இருப்பது அவனுக்குத் தெரியாது. மேலே துணியால் துடைக்கிற சத்தம். பிறகு ‘டக்’ என்று ஒரு சத்தம். என் கையில் சுற்றிக்கொண்டிருந்த ஜாயிண்ட் பட்டென்று பிடித்து நின்றுவிட்டது.

மூச்சை அடக்கிக்கொண்டேன். கால்கள் எழுந்து வண்டியைச் சுற்றிக்கொண்டு இடதுபக்கம் போயின. நான் முழங்கையால் ஊர்ந்து அந்தப் பக்கம் போய், கல்லு மாதிரி நின்ற இடது ஜாயிண்ட்டைப் பிடித்துக்கொண்டேன். துடைக்கிற சத்தம். ‘டக்’. ஜாயிண்ட் என் கையோடு சுற்றியது. ஒரு பக்கத்தைச் சரிசெய்த கையோடு மறுபக்கத்தைக் கெடுத்துவிட்டு, எங்கள் அண்ணன் பயபக்தியோடு விபூதியைக் குழைத்துக்கொண்டிருந்தான்.

“என்னத்தப் பண்ற நீ?” என்றேன் கீழே இருந்து.

விபூதித் தட்டு என் மூஞ்சிக்குப் பக்கத்தில் விழுந்தது. அவன் குனிந்து பார்த்தான். முகம் வெளிறிப்போயிருந்தது.

“அடியில என்ன பண்ற? பட்டை போடறேன்.”

“அதத் திருப்பினியே, அது எதுக்கு?”

“கோணலா இருந்துச்சு. கோணல்ல எப்படி பட்டை போடறது?”

பிடி சக்கரத்தோடு சேர்ந்து சுற்றுகிற பொருள். வண்டி நிற்கிற இடத்தைப் பொறுத்து அது எப்படி வேண்டுமானாலும் சாய்ந்து நிற்கும். அப்பா தொடக்கூடாது என்ற லாக் இதுதான் என்று தெரியாமல், சாமிக்குக் கோணலாகப் பட்டை போடக்கூடாது என்று இவன் வெள்ளிக்கிழமை தோறும் அதைத் திருப்பித் திருப்பிக் கிடைமட்டத்துக்குக் கொண்டுவந்திருக்கிறான். அது எவ்வளவு தூரம் திரும்புமோ அவ்வளவு தூரம். பூட்டிக்கொள்வதும் திறந்துகொள்வதும் அந்தந்த வாரம் சக்கரம் நின்ற கோணத்தின் தயவு. நன்றாகத் திரும்பட்டும் என்று நல்லெண்ணெய் வேறு விட்டிருக்கிறான். பூட்டு எது, திறப்பு எது என்று பொறித்திருந்த எழுத்தெல்லாம் அவன் அடித்த சிவப்புப் பெயிண்ட்டுக்குள் போய்விட்டது.

“எப்போலேர்ந்து இப்படித் திருப்பற?”

“நீ ஓட்ட ஆரம்பிச்சதுலேர்ந்து. உனக்கு ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான்.”

வெளியே ஊர்ந்து வந்தேன். தலையெல்லாம் விபூதி. எல்லாவற்றையும் விளக்கினேன். விளக்கினேன் என்பது மரியாதையான வார்த்தை, தெருவே கேட்கிற மாதிரி கத்தினேன். “ஊரே எங்கையச் சொல்லிச்சு. பொம்பள கை ராசின்னான் ஒவ்வொருத்தனும். நீயும் ஒரு நாளாவது இல்லன்னு சொல்லல. யாரு கைன்னு இப்ப பாத்தியா?” அவன் தன் விரலில் ஒட்டியிருந்த சந்தனத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். வண்டியில் கோளாறே இல்லை என்று சொன்னதும் சந்தோஷப்படுவான் என்று நினைத்தேன். அவன் முகம் விழுந்துவிட்டது. அதை நான் நன்றாகப் பார்த்தேன்.

கத்தியால் பெயிண்ட்டைச் சுரண்டி எழுத்தைக் கண்டுபிடித்து, இரண்டு பக்கமும் பூட்டுக்குத் திருப்பினேன். “ஏறு” என்றேன். எங்கே என்று கேட்காமல் ஏறி உட்கார்ந்தான். நான் ஓட்ட ஆரம்பித்த பிறகு அவன் பக்கத்தில் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. நேரே ஏரிக்கு விட்டேன். மழையில் ஏரி உள்வாயில், அதாவது தண்ணீர் நிற்கிற உட்பக்கத்தில், மாடு இறங்குகிற வழியெல்லாம் முழங்கால் சேறு. டிராக்டரே மாட்டிக்கொண்டு இன்னொரு டிராக்டர் வந்து இழுத்த இடம். சரிவில் இறக்கி, சேற்றுக்கு நடுவில் வேண்டுமென்றே நிறுத்தினேன். அண்ணன் இரண்டு கையாலும் மேல்கம்பியைப் பிடித்துக்கொண்டான். குட்டி லீவரைத் தள்ளினேன். வண்டி உடம்பைக் குலுக்கியது. அப்படியே கரைவரைக்கும், வழுக்காமல், அவசரப்படாமல், நாலு காலாலும் மண்ணைப் பிடித்து ஏறிக் கரை மேல் போய் நின்றது. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. சந்தோஷத்தை அடக்கிக்கொள்கிற வழக்கம் எனக்கு இல்லை. ஸ்டியரிங்கைத் தட்டித் தட்டிச் சிரித்தேன்.

“சரியாயிடுச்சு” என்றான் அண்ணன், கரண்ட் போய்விட்டது என்று சொல்கிற குரலில்.

“ஆயிடுச்சு.”

“அப்போ ஞாயித்துக்கெழம போவ.”

“போவேன்.”

அவன் என்னைப் பார்க்காமல், தண்ணீரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

“வண்டி கெட்டுதுன்னு நீ சொன்னப்போ எனக்கு உள்ளுக்குள்ள நிம்மதியா இருந்துச்சு. பொய் சொல்லல. நீ மலைக்குப் போற அன்னிக்கெல்லாம் எனக்கு சோறு எறங்காது. சாயங்காலம் வாசல்ல வண்டி சத்தம் கேட்டப்புறம்தான் பச்சத் தண்ணியே குடிப்பேன். உங்க அண்ணியக் கேளு. ஒரு தடவ நீ பையோட வந்து நின்ன. இன்னொரு தடவ யாராவது வந்து உன்னப் பத்தி ஏதாவது சொன்னா என்னால தாங்க முடியாது.”

இவனிடம் எப்படிக் கோபப்படுவது. கொஞ்சம் விட்டால் போதும், அவன் தோளில் சாய்ந்து சரிண்ணா என்று சொல்லியிருப்பேன். சொன்னால் என்ன ஆகும் என்றும் தெரிந்தது. திங்கட்கிழமை காலையில் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்து பாஸ்போர்ட்டைப் புரட்டிக்கொண்டிருப்பேன். என்மேல் பாசம் வைத்தவர்களின் பயத்துக்காக ஒரு தடவை வாழ்ந்து பார்த்தாயிற்று. புருஷன் வீட்டில் அத்தனை நாள் நான் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததே அம்மா அப்பா மனசு கஷ்டப்படும் என்றுதான். இன்னொரு தடவை முடியாது.

“அப்போ ஞாயித்துக்கெழம தோறும் பட்டினி கெட” என்றேன். “நான் போறேன்.”

அவன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். அதற்குள் அவன் சட்டைப் பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்துவிட்டு, எடுக்காமல் எங்கள் இருவருக்கும் நடுவில் சீட்டில் வைத்தான். ஆரணிக்காரர். அது அடித்துக்கொண்டே இருந்தது. நான் எடுத்தேன்.

“வண்டி விக்கறதுக்கு இல்லீங்க. நீங்க வர வேணாம்.”

“நீங்க யாரும்மா?”

“ஓட்டறவங்க.”

“வீட்ல ஆம்பளைங்க யாராவது இருந்தா குடுங்கம்மா.”

“இருக்காரு. பக்கத்துலதான் ஒக்காந்திருக்காரு. வாயத் தொறக்க மாட்டேங்கறாரு.”

அண்ணன் கையை நீட்டினான். கொடுக்கலாமா வேண்டாமா என்று ஒரு கணம் யோசித்தேன். கையெழுத்து அவனுடையது. அவன் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் நான் கத்துவதற்கெல்லாம் சட்டத்தில் இடமில்லை. கொடுத்தேன். அவன் போனைக் காதில் வைத்துக்கொண்டான். மறுமுனையில் ஹலோ ஹலோ என்பது எனக்கே கேட்டது.

“இல்லீங்க. கோவிச்சுக்காதீங்க, விக்கல” என்றான் கடைசியில். “இல்லீங்க, வெலயெல்லாம் பிரச்சன இல்ல. எந்தங்கச்சி ஓட்டறா.”

போனை வைத்துவிட்டு வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். நான் அவனுக்கு நன்றி சொல்லவில்லை. எதற்குச் சொல்ல வேண்டும்? வண்டியைத் திருப்பி வீட்டுக்கு ஓட்டினேன். போனதும் முதல் வேலையாக அந்தப் பிடி இரண்டையும் பூட்டில் வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டினேன். பட்டை போடுவதானால் பானெட்டில் போட்டுக்கொள், எவ்வளவு நேராக வேண்டுமானாலும் போட்டுக்கொள் என்று சொல்லிவிட்டேன். பாயிடம் போய்ச் சொன்னபோது அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். டீக்கடையில் இப்போது என்ன பேசிக்கொள்கிறார்கள் தெரியுமா? பாய் கை வைத்ததும் வண்டி சரியாகிவிட்டதாம். பேசிக்கொள்ளட்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை மழை கொட்டியது. போனேன். கடைக்கார அக்கா குடை பிடித்துக்கொண்டு மேட்டு முனையில் நின்றிருந்தாள். நான் ஏறி வருவேன் என்று நம்பி நின்றாளா, மூட்டை தூக்க ஆள் கூப்பிட நின்றாளா தெரியாது. அவளைத் தாண்டிப் போய்க் கடை வாசலில் நிறுத்தினேன். அடுத்த வாரத்துக்கு என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். சொன்னாள்.

அண்ணன் இன்னும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிடுவதில்லை. எத்தனையோ தடவை திட்டிப் பார்த்துவிட்டேன், அண்ணியும் கெஞ்சிப் பார்த்துவிட்டாள். அந்த மேட்டில் ஏறும்போதெல்லாம் கீழே ஒருத்தன் வெறும் வயிற்றோடு உட்கார்ந்திருப்பது இப்போது எனக்குத் தெரியும். தெரியாமல் ஏறியதைவிடத் தெரிந்து ஏறுவது கஷ்டம்தான். ஆனாலும் ஏறுகிறேன். சாயங்காலம் நான் வாசலில் வண்டியை நிறுத்தியதும் அண்ணி இரண்டு தட்டு வைப்பாள். ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்காமல், அவனும் நானும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிடுவோம்.